கண் மங்கும் கர்ப்பிணியும் கட்டிலருகு ஸ்கேனும்

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் பெண், எட்டாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ, "கண்ணு ஒரு மாதிரி மசமசன்னு இருக்கும்மா, பூச்சி பறக்கிற மாதிரி தெரியுது" என்று சொன்னால், நம் வீடுகளில் அதற்கு உடனே கிடைக்கும் விளக்கங்கள் அநேகம். ரத்தம் பத்தவில்லை என்பார் ஒருவர். ராத்தூக்கம் கெட்டதால் என்பார் இன்னொருவர். வளைகாப்புக்கு வந்த கூட்டத்தின் கண் பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவார் பாட்டி. இவற்றில் எதையும் பரிகசிக்க எனக்கு மனமில்லை, ஏனெனில் எல்லாம் அன்பினால் பிறப்பவை. ஆயினும் கர்ப்பிணியின் பார்வை மங்குவது, சில சமயங்களில், அவளுடைய பிராணனுக்கும் வயிற்றுச் சிசுவின் பிராணனுக்கும் ஒருங்கே நேரவிருக்கும் அபாயத்தின் முன்னறிவிப்பு என்பதையும், அந்த அபாயம் கண்ணை எவ்வளவு பற்றியிருக்கிறது என்பதைப் பிரசவ வார்டின் கட்டிலருகிலேயே, குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்கும் அதே இனத்து ஸ்கேன் யந்திரத்தைக் கொண்டு, சில நிமிஷங்களில் ஓரளவு அறிந்துகொள்ள வழி ஏற்பட்டிருக்கிறது என்பதையும் நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற விருப்பத்தினாலேயே இதை எழுதுகிறேன்.

மதுரையிலிருந்து கொல்லம் செல்லும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலை வலப்புறம் கூடவே வர, ஏறக்குறைய 12 கிலோமீட்டர் இடைவெளியில் அடுத்தடுத்து அமைந்த ஊர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும். ஒன்று ஆண்டாள் கோயிலாலும் பால்கோவாவினாலும் பெயர் பெற்றது. மற்றொன்று நூற்பாலைகளால் வளர்ந்தது. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியின் விசைத்தறிகளில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி நாடெங்கும் உள்ள ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. இவ்விரண்டு ஊர்களிலும் அரசு மருத்துவமனை உண்டு. சுற்றுவட்டத்துக் கிராமங்களிலிருந்தும் மலையடிவாரத்திலிருந்தும் பிரசவத்துக்கு வருகிறவர்களுக்கு அவையே முதல் புகலிடம். விருதுநகரில் 2022-ஆம் ஆண்டு ஜனவரியில் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டபின் பெரிய ஆஸ்பத்திரி முன்னைவிட அருகில் வந்திருக்கிறது என்றாலும், விழித்திரை நோய்களுக்கென்றே தேர்ச்சி பெற்ற நிபுணரைத் தேடினால் மதுரைதான் நினைவுக்கு வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தே அது 75 கிலோமீட்டர் தூரம். வலிப்பு வரலாம் என்று அஞ்சப்படுகிற, அல்லது ஏற்கனவே வலிப்பு வந்து மருந்தின் மயக்கத்தில் கிடக்கிற ஒரு கர்ப்பிணியை, கண்ணைக் காட்டுவதற்கென்று மட்டும் அவ்வளவு தூரம் அழைத்துச் செல்வது வைத்திய நியாயத்துக்கு ஒவ்வாத காரியம். ஆகவே, நிபுணரிடம் நோயாளியைக் கொண்டுபோக இயலாதபோது, கண்ணின் உட்புறத்தைப் படமாக்கி நிபுணரிடம் அனுப்ப முடியுமா என்பதுதான் இங்குள்ள கேள்வி.

அந்தக் கேள்விக்கு வருமுன் நோயைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கர்ப்பத்தின் 20 வாரங்களுக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140-க்கு 90 என்ற அளவை எட்டி, அதனுடன் சிறுநீரில் புரதம் கழிவதோ உறுப்புக்கள் பழுதுபடுவதோ சேருமானால், அதை முன்சூல்வலிப்பு என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். நம் பக்கத்து ஜனங்கள் "பிரஷர் ஏறிருச்சு, யூரின்ல உப்பு போகுது" என்கிறார்கள். நூறு கர்ப்பிணிகளில் இரண்டு முதல் எட்டுப் பேர் வரை இதற்கு ஆளாகிறார்கள். அழுத்தம் 160-க்கு 110-ஐத் தொட்டால் அது கடுமையான நிலை. வலிப்பே வந்துவிட்டால் அது சூல்வலிப்பு. ரத்தத்தின் சிவப்பணுக்கள் சிதைந்து, கல்லீரல் பழுதுபட்டு, ரத்தம் உறையத் துணைபுரியும் தட்டணுக்கள் குறைந்துபோகும் இன்னொரு கொடிய வகைக்கு, 1982-ஆம் ஆண்டு லூயிஸ் வைன்ஸ்டீன் என்ற அமெரிக்க வைத்தியர் 'ஹெல்ப்' என்று பெயரிட்டார். இவை எல்லாவற்றுக்கும் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. கருப்பையின் ரத்தநாளங்கள் கர்ப்பத்தின் தொடக்கத்தில் விரிய வேண்டிய அளவு விரியாமற் போவதால், ரத்தம் போதாத நஞ்சுக்கொடி சில பொருள்களைத் தாயின் ரத்தத்தில் கலக்கிறது. அவை உடலெங்கும் உள்ள சிறு நாளங்களின் உட்சுவரைப் புண்படுத்த, நாளங்கள் சில இடங்களில் சுருங்கியும் சில இடங்களில் நீர் கசிந்தும் போகின்றன. கால் வீங்குவதும், வளைகாப்பன்று எளிதாக ஏறிய கண்ணாடி வளையல் சில நாளில் கழற்ற முடியாமல் மணிக்கட்டில் இறுகுவதும், மெட்டி விரலில் பதிவதும் இந்தக் கசிவினால் நேரலாம். வீக்கம் மட்டுமே நோயாகிவிடாது. முகமும் கையும் திடீரென்று வீங்கினால் அன்றே பிரஷர் பார்க்க வேண்டும்.

நம் வழக்கமொன்று இங்கே கவனிக்கத்தக்கது. இந்நோய் முதல் கர்ப்பத்தில்தான் அதிகம் வருகிறது. நாமோ முதல் கர்ப்பத்தில்தான் பெண்ணை ஏழாம் மாதத்துக்குமேல் புகுந்த ஊரிலிருந்து பிறந்த ஊருக்கு அழைத்து வருகிறோம். அதுவரை மாதந்தோறும் பார்த்துவந்த வைத்தியரும் செவிலியும் மாறிவிடுகிறார்கள். திருப்பூரிலோ சிவகாசியிலோ எழுதப்பட்ட அழுத்தக் கணக்கு, கர்ப்பகாலப் பரிசோதனை அட்டை பெட்டியடியில் கிடந்தால், ராஜபாளையத்து நர்ஸம்மாவுக்குத் தெரிய நியாயமில்லை. வழக்கம் நல்ல வழக்கமே, அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. பெண்ணோடு அவளுடைய அட்டையும் வர வேண்டும், வந்த வாரத்திலேயே உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவாக வேண்டும்.

இனிக் கண்ணுக்கு வருவோம். சரீரத்திலுள்ள நுண்ணிய ரத்தநாளங்களை அறுவையின்றி நேராகப் பார்க்கக்கூடிய ஸ்தானங்களில் முக்கியமானது கண். ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் கண்ணின் உட்புறத்தை நோக்கும் கருவியை வெளியிட்ட நாலாண்டுக்குள், 1855-இல், ஜெர்மனியின் கண் வைத்தியர் ஃபொன் கிரேஃபே இந்நோயுற்ற கர்ப்பிணியின் கண்ணில் நேரும் மாறுதல்களை எழுதிவைத்தார் என்றால், இந்தத் தொடர்பு வைத்திய உலகுக்கு எவ்வளவு பழையது என்று தெரியும். கடுமையான முன்சூல்வலிப்பு உள்ளவர்களில் நாலில் ஒருவரும், வலிப்பு வந்தவர்களில் இருவரில் ஒருவரும் பார்வையில் ஏதாவதொரு கோளாறைச் சொல்கிறார்கள்: மங்கல், மினுக்கு, இரட்டைத் தோற்றம், பார்வைப் புலத்தில் ஒரு பகுதி மறைவது. பலருக்கு அது நாளங்களின் சுருக்கம் மட்டுமே. சிலருக்கு, விழித்திரைக்குப் பின்னே அதற்கு ஆகாரம் ஊட்டும் ரத்தநாளப் படலத்தில் ஓட்டம் தடைப்பட்டு நீர் கசிய, ஈரம் ஊறிய சுவரில் சுண்ணாம்புப் பூச்சு உப்பி எழுவது போல, விழித்திரை தன் இடத்தைவிட்டு எழும்பிவிடுகிறது. கடுமையான முன்சூல்வலிப்பில் இது நூற்றுக்கு ஒருவருக்கும், சூல்வலிப்பில் நூற்றுக்குப் பத்துப் பேர் வரையிலும் நேர்வதாக வைத்திய நூல்கள் கூறுகின்றன. பெரும்பாலும் இரண்டு கண்களிலும் நேர்கிறது. கிழிசலினால் விழித்திரை பிரிவது வேறு. அதற்கு ஆபரேஷன் வேண்டும். இது நீர் கோத்ததனால் எழும்பியது. பிரசவம் முடிந்து அழுத்தம் தணிந்தபின், சில வாரங்களில் நீர் தானே வற்ற, விழித்திரை பழைய இடத்தில் அமர்ந்து, பெரும்பாலோருக்குப் பார்வை திரும்புகிறது. ஆகையால் "என் பிள்ளை முகத்தை நான் பார்ப்பேனா டாக்டர்?" என்று கேட்கிற தாய்க்கு வைத்தியர் நம்பிக்கையோடு பதில் சொல்லலாம், ஆனால் எது நேர்ந்தது என்று தெரிந்தால்தானே அந்தப் பதிலைச் சொல்ல முடியும்!

அதைத் தெரிந்துகொள்ள உதவுவதே அல்ட்ராசவுண்ட் என்னும் இந்த ஸ்கேன். அதை முதன்முதலில் மனிதக் கண்ணில் பிரயோகித்தவர்கள் மண்ட், ஹியூஸ் என்ற இருவர். 1956-ஆம் ஆண்டு அது நடந்தது. இரண்டாண்டு கழித்து, 1958-இல், பாமும் கிரீன்வுடும் கண்ணின் குறுக்குவெட்டுத் தோற்றத்தையே படமாகப் பெற்றார்கள். அதன்பின் நெடுங்காலம் அது கண் ஆஸ்பத்திரிகளின் தனி உடைமையாக இருந்துவந்தது. யந்திரம் சிறுத்து, சக்கரம் பூண்டு, கட்டிலுக்குக் கட்டில் உருண்டு செல்லத் தொடங்கிய பிறகுதான், அவசர சிகிச்சை வைத்தியர்களும் மயக்க மருத்துவர்களும் அதைக் கண்மேல் வைத்துப் பார்க்கும் பழக்கத்தைக் கைக்கொண்டார்கள்.

பரீட்சை செய்யும் முறை எளிது. ஆனால் கை மிருதுவாக இருக்க வேண்டும். நோயாளியின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தி, கண்ணை மூடச் சொல்லி, இமைமேல் கண்ணாடி போன்ற மெல்லிய ஒட்டுத்தாளை மடிப்பு விழாமல் ஒட்டி, அதன்மேல் தாராளமாக ஜெல்லை வைக்கிறார்கள். வயிற்றுக்கு வைக்கும் வளைந்த புரோப் இதற்கு உதவாது. அதிக அதிர்வெண் உள்ள நேரான புரோப் வேண்டும். வைத்தியர் தம் சுண்டுவிரலையும் கையின் ஓரத்தையும் நோயாளியின் நெற்றியிலும் மூக்கின் பக்கத்திலும் ஊன்றிக்கொண்டு, புரோப் ஜெல்லில் மிதக்கிறதே தவிர விழியை அழுத்தவில்லை என்பதை உறுதி செய்துகொள்கிறார். திரையில் விழி கருமையான வட்டமாகத் தெரியும். முன்புறத்தில் லென்ஸின் வளைவு. பின்புறச் சுவர் வெண்மையான கோடு. அதற்கும் பின்னால் பார்வை நரம்பு கருத்த பட்டையாக இறங்கும். "கண்ணை மூடிக்கிட்டே வலப்பக்கம் பாரு தாயி, இப்ப இடப்பக்கம்" என்று சொல்லும்போது விழி அசைய, உட்புறத்தில் எழும்பிய விழித்திரை இருந்தால், கருமையின் நடுவே தடித்த வெண்கோடாக, பார்வை நரம்பு தொடங்கும் இடத்தில் கட்டுண்டபடி அது தென்படும். இரு கண்களுக்கும் சேர்த்துச் சில நிமிஷங்களே ஆகும். கண்ணுக்கென்று யந்திரத்தில் தனி அமைப்பு இருக்கிறது. மற்ற உறுப்புக்களுக்கு 1.9 வரை அனுமதிக்கப்படும் ஒலி அழுத்தக் குறியெண் கண்ணுக்கு 0.23-ஐத் தாண்டலாகாது என்பது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டகத்தின் விதி. அந்த அமைப்பை மாற்றாமல் வயிற்று அமைப்பிலேயே கண்ணைப் பார்ப்பது தவறு.

கண் வைத்தியர் விளக்கு வைத்து நேரில் பார்ப்பதற்கு இது ஈடாகுமா என்றால், ஆகாது. விழித்திரையில் உள்ள சிறு ரத்தக் கசிவுகளும் பஞ்சுத் திட்டுக்களும் இதில் புலப்படா. மிக மெல்லிதாக எழும்பிய விழித்திரை தப்பிவிடலாம். ஆனால் நோயாளியின் நிலையை எண்ணிப் பாருங்கள். இமைகள் வீங்கித் திறக்க முடியாமல் இருக்கின்றன. மருந்து மயக்கத்தில் சொன்னபடி அவள் பார்ப்பதில்லை. பாவையை விரிக்கும் சொட்டு மருந்தை விட்டால், மூளையின் நிலையை அறியப் பாவையைச் சோதித்துக்கொண்டே இருக்கும் வைத்தியருக்கு அந்த அடையாளம் சில மணி நேரம் இல்லாமற் போகிறது. மூடிய இமையின் மேலேயே பார்த்துவிடும் சாதனத்தின் விசேஷம் இப்படிப்பட்ட இடத்தில்தான் விளங்கும்.

இன்னொரு பிரயோஜனமும் உண்டு; என் அபிப்பிராயத்தில் அதுவே பெரிது. பார்வை நரம்பைச் சூழ்ந்துள்ள உறை, மூளையைச் சூழ்ந்துள்ள உறையின் தொடர்ச்சியாதலால், மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் மூளைநீர் அந்த உறைக்குள் புகுந்து அதை விரிக்கிறது. விழிக்கு 3 மில்லிமீட்டர் பின்னால் அந்த உறையின் குறுக்களவை எடுத்தால், மண்டையைத் தொடாமலே மூளையின் சங்கடத்தை ஊகிக்கலாம். பிரான்ஸ் தேசத்து மயக்க மருத்துவர் டுபோஸ்டும் அவருடைய சகாக்களும் 2012-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், முன்சூல்வலிப்பு உற்ற 26 பேரிடம் இந்த அளவின் நடுமதிப்பு 5.4 மில்லிமீட்டராகவும், நலமான 25 கர்ப்பிணிகளிடம் 4.5 மில்லிமீட்டராகவும் இருந்தது. நோயுற்றவர்களில் ஐவருக்கு அது 5.8-ஐத் தாண்டியிருந்தது, பிரசவமான ஏழாம் நாளுக்குள் வித்தியாசம் மறைந்துபோயிற்று. எந்த அளவை எல்லையாகக் கொள்வது என்பதில் வைத்தியர்கள் இன்னும் ஒருமிக்கவில்லை. அளப்பவர் கைக்குத் தக்கபடி எண்ணும் சிறிது மாறும். ஆகவே ஒருமுறை கிடைத்த எண்ணைவிட, அதே வைத்தியர் இன்று அளந்து, நாளையும் அளந்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பதே மதிப்புள்ளது.

இன்னொரு நிலைமை உண்டு. சில பெண்களுக்கு விழியில் ஒரு குறையும் இராது. பாவை வெளிச்சத்துக்குச் சரியாகச் சுருங்கும். ஸ்கேனில் விழித்திரை தன் இடத்தில் இருக்கும். ஆனாலும் ஒன்றுமே தெரியவில்லை என்பார்கள். மூளையின் பின்புறத்தில் பார்வைக்கு உரிய பகுதி நீர் கோத்து வீங்கியிருப்பதன் அடையாளம் அது. அப்போது ஸ்கேன் ஒழுங்காக இருக்கிறதென்று நிம்மதி அடைவது அபாயம். மூளையைப் படம் எடுத்தாக வேண்டும். தக்க சிகிச்சையில் இந்தக் குருட்டுத் தன்மையும் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது.

சிகிச்சை எது என்பதில் மட்டும் சந்தேகமில்லை. கண் ஸ்கேன் வழிகாட்டுமே தவிர நோயைத் தீர்க்காது. அழுத்தத்தைத் தணிப்பதும், வலிப்பைத் தடுப்பதும், தக்க வேளையில் பிரசவத்தை முடிப்பதுமே சிகிச்சை. இதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னையில் பணியாற்றிய மகப்பேற்று வைத்தியர் எம். கே. கிருஷ்ண மேனன், மூன்று மருந்துகளைக் கூட்டிக் கொடுத்து வலிப்பை அடக்கும் முறையை 1961-இல் உலக வைத்தியர்கள் முன் வைத்தார். வெகுகாலம் இந்திய ஆஸ்பத்திரிகள் அதைப் பின்பற்றின. பின்னர் 1995-இல், 1,687 பெண்களிடம் பல தேசங்களில் நடந்த பரிசோதனை, மக்னீசியம் சல்ஃபேட்டே மற்ற மருந்துகளைவிடச் சிறந்தது என்று காட்டியது. 2002-இல் 33 தேசங்களில் பத்தாயிரம் பேருக்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த மற்றொன்று, அது வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதியாகக் குறைக்கிறது என்று நிலைநாட்டியது. விலை மலிவான அந்த ஊசியைப் போட்டபின் முழங்கால் துடிப்பையும், மூச்சையும், சிறுநீர் அளவையும் மணிதோறும் பார்த்துக் குறித்துக்கொண்டிருக்கும் வார்டு நர்ஸின் உழைப்புக்கு எந்த யந்திரமும் மாற்றாகாது.

மகப்பேறும் கண் வைத்தியமும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் சந்தித்த கதை இந்தக் கரிசல் சீமைக்குச் சொந்தம். எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் ஜி. வெங்கடசாமி, உறவுப் பெண்கள் மூவர் பிரசவ காலத்தில் மாண்டதைச் சிறு வயதிலேயே கண்டு, தாம் மகப்பேற்று வைத்தியராக வேண்டும் என்று உறுதி பூண்டார். மூட்டுவாதம் அவருடைய விரல்களை முறுக்கிவிட, பிரசவம் பார்க்கும் ஆசையைத் துறந்து கண் வைத்தியம் பயின்றார். 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். சிறு வயதில் அவர் மனத்தைப் புண்படுத்திய மரணங்களையும், பின்னர் அவர் ஏற்ற தொழிலையும் ஒரே கட்டிலருகில் சேர்க்கும் இந்தப் பரீட்சையை நினைக்கும்போது அவர் பெயரும் நினைவுக்கு வராமல் இராது.

இந்தியாவில் ஸ்கேன் யந்திரத்தைப் பற்றி எழுதும்போது சட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. பெண் சிசுக்களைக் கருவிலேயே அழிக்கும் பாதகத்தைத் தடுக்க 1994-இல் வந்த சட்டம், ஒவ்வொரு யந்திரமும் பதிவாக வேண்டும் என்கிறது. எடுத்துச் செல்லத்தக்க யந்திரத்தை, நடமாடும் மருத்துவ ஊர்தியில் அன்றி, பதிவான கட்டடத்துக்குள் உள்நோயாளிகளுக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்று பிற்பாடு விதியும் சேர்ந்தது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் சிசுக்கொலைகளின் செய்தி நாட்டையே தலைகுனியச் செய்தது. அதற்கு அதிக தூரத்தில் இல்லாத நாம் இந்தச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்லக் கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் பிரசவ வார்டுக்கும் உரிய யந்திரத்தை முறைப்படி பதிவு செய்து, கண்ணுக்கு வேண்டிய நேரான புரோப்பையும் சேர்த்து வாங்கி, இரவு முறையில் இருக்கும் வைத்தியர்களுக்குப் பயிற்சி அளித்து, எடுத்த படத்தை மதுரைக்கோ விருதுநகருக்கோ அனுப்பிக் கண் நிபுணரின் யோசனையைப் பெற ஏற்பாடு செய்வது ஒரு தாலுகா ஆஸ்பத்திரியின் சக்திக்கு அப்பாற்பட்டதன்று. இதைப் பொறுப்பில் உள்ளவர்கள் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டாரிடம் கேட்டுக்கொள்வது இதைவிட எளிது. கர்ப்பிணி விடாத தலைவலி என்றாலோ, மேல்வயிற்றில் வலி என்றாலோ, கண் மங்குகிறது, மினுங்குகிறது, பாதி தெரியவில்லை என்றாலோ, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். கண்ணாடிக் கடைக்கும் போக வேண்டாம். 108-க்குச் சொல்லி, அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, பிரசவம் பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே நேரே அழைத்துச் செல்லுங்கள். பிள்ளை பிறந்தபின்னும், முக்கியமாக முதல் இரண்டு நாளிலும், வீடு திரும்பியபின் ஆறு வாரம் வரையிலும்கூட, இந்த நோய் வரக்கூடும்.